பெயரும் பெயர்வும்: மன்றோ குடும்பப் பெயரின் வரலாறு

தமிழில் 'பெயர்' என்னும் சொல் ஒருவரை அழைக்கும் குறியையும் சுட்டும். இடம்விட்டு நகர்தலையும் சுட்டும். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துவது மன்றோ என்னும் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர். போச்சம்பள்ளி மண்ணையும் அது தொட்டுச் சென்றிருக்கிறது.

இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பெரும்பகுதி அந்நாளில் பாரமகால் எனப்பட்டது. போச்சம்பள்ளியும் அதனுள் அடங்கும். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து இந்நிலம் கும்பினியார் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவர் இதன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவருடைய உதவியாளர்களுள் மக்லியோடு, மன்றோ என்னும் ஸ்காட்லாந்துப் பெயருடைய இருவர் இருந்தனர்.

மக்லியோடு என்பதற்கு 'லியோடின் மகன்' என்பது பொருள். மன்றோ என்பதோ இடத்தால் வந்த பெயர். அயர்லாந்தின் வடபகுதியில் ரோ என்றோர் ஆறு உண்டு. அதன் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் ஆதலின் அவர்களுக்கு அப்பெயர் அமைந்தது என்பது குடிமரபுச் செய்தி. தந்தை பெயரையும் ஊர்ப் பெயரையும் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழருக்கு இவ்விரு வழக்கும் புதியன அல்ல. ஸ்காட்லாந்தின் வடபால் ராஸ் நாட்டில், குரோமார்ட்டி கடற்கழியின் கரையிலுள்ள ஃபவுலிஸ் அக்குடியின் தாயகமாயிற்று. ஆற்றைப் பிரிந்து வந்தவர்கள் ஆற்றின் பெயரைச் சுமந்து வந்தார்கள்.

பின்னர் அப்பெயரைப் போர்கள் உலகெங்கும் சிதறடித்தன. 1651இல் ஊஸ்டர்ப் போரில் சிறைப்பட்ட வில்லியம் மன்றோ என்பவர் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டார். அவர் வழியினர் லெக்சிங்டன் ஊரில் வேரூன்றினர். 1775 ஏப்ரல் 19ஆம் நாள் அவ்வூரில் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டபோது, முதலில் மாண்டவர்களுள் இராபர்ட் மன்றோவும் ஒருவர். வர்ஜீனியாவில் குடியேறிய மற்றொரு கிளையில் பிறந்த ஜேம்ஸ் மன்றோ பிற்காலத்தில் அமெரிக்காவின் ஐந்தாம் குடியரசுத் தலைவரானார்.

அதே போர் கிளாஸ்கோ நகரில் இன்னொரு மன்றோ குடும்பத்தின் வாழ்வைக் குலைத்தது. வர்ஜீனியாவோடு வணிகம் செய்துவந்த அலெக்சாண்டர் மன்றோ, போரினால் வணிகம் முறிந்து நொடித்துப்போனார். 1761இல் பிறந்த அவருடைய மகன் தாமஸ் பிழைப்புத் தேடிக் கும்பினிப் படையில் சேர்ந்து 1780இல் சென்னையில் வந்திறங்கினார். கடலுக்கு அப்பால் ஒரு மன்றோ உயிர் நீத்த போரின் விளைவே, இன்னொரு மன்றோவைத் தமிழகத்துக்கு அனுப்பியது.

அவருக்கு முன்னரே அப்பெயர் இங்கே வாளேந்தி வந்திருந்தது. 1781இல் ஒல்லாந்தரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய படைக்குத் தலைமை தாங்கியவர் ஹெக்டர் மன்றோ. அவர் தம் ஊர் திரும்பியபின், ஃபைரிஷ் குன்றின் உச்சியில் நாகப்பட்டினக் கோட்டை வாயிலை நினைவூட்டும் கல் வளைவுகளை எழுப்பினார். சோழ மண்டலக் கரையின் சாயல் ஒன்று இன்றும் அக்குளிர்நாட்டுக் குன்றின்மேல் நிற்கிறது.

தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை பாரமகாலில் பணியாற்றினார். குதிரையில் ஊர் ஊராகச் சென்று நிலத்தையும் உழவரையும் நேரிற் கண்டார். தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிய மனமின்றியே கன்னட நாட்டுக்கு மாற்றலாகிச் சென்றார். இடைத்தரகரான ஜமீன்தார் இன்றி, அரசே உழவரிடம் நேரே தீர்வை பெறும் இரயத்துவாரி முறை இம்மண்ணில்தான் ரீடின் கையில் உருப்பெற்றது. பின்னாளில் 1820 முதல் சென்னை மாகாண ஆளுநராக இருந்து, அதனை மாகாணத்தில் நிலைநாட்டியவர் மன்றோ.

அம்முறையை வாழ்த்துவோர் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. உழவனுக்கு நிலத்தில் உரிமை கிடைத்தது மெய். அவன் தலைமேல் பணமாகச் செலுத்த வேண்டிய கடுந்தீர்வை ஏறியதும் மெய். தீர்வையில் காற்பங்கைக் குறைக்க வேண்டுமென 1807இல் மன்றோவே பரிந்துரைத்தார் என்பது அச்சுமைக்குச் சான்று.

1827 ஜூலை 6ஆம் நாள், பத்திகொண்டாவில் வாந்திபேதி நோய்க்கு அவர் இரையானார். சென்னையில் 1839இல் அவருக்குக் குதிரைச் சிலை எழுந்தது. ஆயின் சிலையினும் வியப்புக்குரியது வேறொன்று. இராயலசீமைச் சிற்றூர்களில் பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' எனப் பெயரிட்டழைத்தனர். குடும்பத்தின் கடைசியில் நின்ற பெயர், இங்கே பிள்ளையின் சொந்தப் பெயராயிற்று. அயல் ஒலியோடு 'அப்பா' என்னும் நம்மொழி விகுதியும் சேர்ந்தது.

தாத்தன் பெயரைத் தாங்குபவனே பெயரன். அதுவே 'பேரன்' என மருவிற்று. குருதித் தொடர்பு சிறிதுமில்லாத அயலான் ஒருவனுக்கு இந்நாட்டு உழவர் குடிகளில் பெயரன்மார் தோன்றினர். குன்றின்மேல் நிற்கும் கல் வாயில் வென்றவன் தன் நினைவுக்குத் தானே எழுப்பியது. மன்றோலப்பா என்னும் பெயரோ ஆளப்பட்டவர்கள் தாமே அளித்தது. தீர்வைக் கணக்கின் கசப்பை மறவாமலே, இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நிலத்தைப் படை கொள்ளலாம். பிள்ளைக்கு இடும் பெயரை மட்டும் எந்தப் படையும் கொள்ள இயலாது. அது மக்கள் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு.