இரவல் நூல், சொந்த நெசவு

கானாவின் அஷாந்தி மக்கள் நெய்யும் கென்டே துணிக்குப் பட்டு நூல் வெளிநாட்டிலிருந்து வந்தது. இதைச் சொல்லி அதன் மரபுரிமையையே சந்தேகிப்பவர்கள் உண்டு. செய்தி உண்மை, முடிவுதான் தவறு. கினியா கடற்கரையில் இருந்த டேனிஷ் வணிகர் லுட்விக் ரோமர் 1760இல் வெளியிட்ட புத்தகத்தில், மன்னர் ஒபோகு வாரே பல நிறப் பட்டுத் துணிகளை வாங்கி, இழை இழையாகப் பிரித்து மறுபடி நெய்யச் செய்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1817இல் குமாசிக்குப் போன ஆங்கிலேயர் பௌடிச்சும் பட்டைப் பிரித்து நெய்வதை எழுதினார். விலை கொடுத்து வாங்கியதை அப்படியே உடுத்தியிருக்கலாம்; உடுத்தவில்லை. உள்ளூர்ப் பருத்தியும் அவுரியும் வெள்ளையும் நீலமும் தந்தன. மற்ற நிறங்களுக்காக நூலை வாங்கினார்கள், துணியின் வடிவத்தை யாரிடமும் வாங்கவில்லை.

அந்த வடிவம் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். குமாசிக்கு அருகே போன்விரேயில் நெசவாளர் தறிக்குள் உட்கார்ந்து, விழுதுகளை அசைக்கும் கயிறுகளைக் கால்விரல் இடுக்கில் பிடித்துக்கொள்கிறார். எதிரே பாவு நீண்டு கிடக்கும். கல்லை ஏற்றிய பாரம் அதை இழுத்துப் பிடிக்கும். நெய்து வருவதோ ஏறக்குறைய நாலு அங்குல அகலப் பட்டைதான். ஆண்கள் போர்த்தும் துணிக்கு இப்படி இருபதுக்கும் மேற்பட்ட பட்டைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்க வேண்டும். பக்கத்துப் பட்டையின் கட்டத்தோடு இது எங்கே சேரும் என்ற கணக்கு நெய்யும்போதே கையில் இருந்தாக வேண்டும். மாலியின் டெல்லெம் குகைகளில் கிடைத்த 11ஆம் நூற்றாண்டுத் துணிகளும் குறுகிய பட்டைகளைச் சேர்த்துத் தைத்தவையே. அந்தப் பழக்கம் ஐரோப்பியக் கப்பல்களுக்கு முந்தியது.

துணியின் அர்த்தமும் நூலில் இல்லை. கானா அதிபர் நிக்ரூமாவின் மனைவி ஃபாத்தியாவின் பெயரால் வழங்கிய ஒரு கென்டே வகை, 1966இல் நிக்ரூமாவின் ஆட்சி கவிழ்ந்ததும் ‘ஒருவர் மட்டும் நாட்டை ஆள்வதில்லை’ என்று பெயர் மாறியது. நெசவு அதேதான். வெளியிலிருந்து வந்ததைச் சொந்தமாக்கியவர்கள் அஷாந்திகள் மட்டுமல்ல. நைஜீரியாவின் கலாபாரிப் பெண்களும் இந்தியாவிலிருந்து போன மெட்ராஸ் கட்டத் துணியில் இழைகளை வெட்டி உருவி, அதைத் தங்கள் துணியாக்கிக்கொண்டார்கள்.

அப்படியானால் ஆலையில் அச்சடித்த ‘கென்டே’யையும் ஏற்கலாமே என்று கேட்கலாம். கூடாது. அஷாந்திகள் நூலை எடுத்துத் தங்கள் வேலையைச் சேர்த்தார்கள். அச்சு ஆலை வடிவத்தை எடுத்துக்கொண்டு நெசவாளரின் வேலையை விட்டுவிடுகிறது. கென்டே வாங்குகிறவர்கள் துணியைத் திருப்பி, பட்டைகளைச் சேர்த்த தையல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.