ஓலையிலிருந்து டீக்கடை வரை

தமிழின் மிகப் பழைய உரைநடை நூல்களுள் ஒன்று ‘இறையனார் களவியல் உரை’. நக்கீரர் சொன்ன உரை பத்துத் தலைமுறை வாய்வழியாகவே வந்ததாக அந்நூலே சொல்கிறது. மோனையும் எதுகையும் அதில் அடுக்கடுக்காக வருவது அலங்காரத்துக்கு மட்டுமல்ல. மனப்பாடம் செய்பவருக்கு அவைதாம் பிடிமானம்.

ஓலைச்சுவடியையும் யாரும் தனியாக உட்கார்ந்து சரளமாகப் படித்துவிட முடியாது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, நிறுத்தக்குறி இல்லை. எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பாடம் சொல்ல ஆசிரியர் பக்கத்தில் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் உரையாசிரியர்கள் எழுதினார்கள். 13ஆம் நூற்றாண்டு வைணவ உரைகளில் தமிழும் வடமொழியும் கலந்து வரும் மணிப்பிரவாளமும் இரு மொழியும் பழகிய கோஷ்டிக்கான நடைதான்.

அச்சுப் புத்தகம் ஆசிரியர் இல்லாத வீட்டுக்குள்ளும் போனது.

இதன் பலத்தை நன்றாக உணர்ந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவியவர் அவர். மிஷனரிகள் அச்சையும் எளிய உரைநடையையும் கொண்டு செய்த வேலையை அருகிலிருந்து பார்த்தார்; பிறகு அதே கருவிகளைச் சைவத்துக்காகக் கையில் எடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலபாடங்கள் எழுதினார். சேக்கிழாரின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களை உரைநடையாக்கிப் ‘பெரியபுராண வசனம்’ என்று 1852இல் வெளியிட்டார். வாக்கியங்கள் நீளமானவைதான். ஆனால் நிறுத்தக்குறிகள் இருந்ததால், எங்கே நிற்பது, எங்கே தொடர்வது என்று வாசகருக்குத் தடுமாற்றம் இல்லை.

அடுத்த திருப்பத்தை அரசியல் கொண்டுவந்தது. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகள் தம் பழைய நூல்களிலேயே வடசொற்களைக் களைந்தார். மறுஆண்டு ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரான திரு.வி.க.வுக்குப் படிப்பாளிகள் மட்டும் போதவில்லை. அவருடைய மேடைப் பேச்சைக் கேட்க ஆலைத் தொழிலாளர்களும் வந்தார்கள். அவருடைய எழுத்திலும் வாக்கியங்கள் சட்டென்று முடிந்தன.

1942இல் இரண்டு பத்திரிகைகள் பிறந்தன. காஞ்சிபுரத்தில் அண்ணா தொடங்கிய ‘திராவிட நாடு’ அடுக்குமொழியில் பேசியது. மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’ அதற்கு நேர் எதிர்: சின்ன வாக்கியம், புழக்கத்தில் உள்ள சொல். தம் நிருபர்களுக்கு அவர் எழுதிய ‘இதழாளர் கையேடு’ வலியுறுத்தியதும் இந்த எளிமையைத்தான். நடையில் எதிரெதிராக நின்ற இரண்டு பத்திரிகைகளுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ‘வாசகர்’களாக இருந்தார்கள். படிப்பகத்திலும் டீக்கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள்.