பந்து வீசலாம், தலைமை தாங்கக் கூடாதா?

அணிக்கு யார் கேப்டன் என்று அரக்கோணத்து டீக்கடைகளில் வாதிடுகிறோம். அந்த வாதத்தில் சாதி புகுந்த வரலாற்றையும் பேசுவோம்.

சமார் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். புனேயில் அவர் வீசிய பந்தைத் தொட்ட கைகளே, தேநீரை மட்டும் தனிக் குவளையில் வெளியே நிற்க வைத்துக் கொடுத்தன. பம்பாய் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. 1920இல் அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினார்கள். அதன்பிறகே பாலு துணைக் கேப்டனாக அழைக்கப்பட்டார். 1923இல் விட்டல் கேப்டனானார், கோப்பையும் வந்தது.

பாலுவின் 114 விக்கெட்டுகளால் திறக்காத கதவு அது. ஊராட்சித் தலைவர் நாற்காலி இன்றும் நம்மவருக்கு மறுக்கப்படும்போது, அந்தத் தம்பிகளை நினைப்போம்.