இணையவழித் தனிநபர் கடன்: கொடுத்த வாக்குறுதியும் நடந்த உண்மையும்

'வங்கியில் போட்டால் 7 சதவீதம், எங்கள் ஆப்பில் போட்டால் 12 சதவீதம்' என்ற வகை விளம்பரங்கள் நம் கைபேசிகளுக்கும் வருகின்றன. 'இது வங்கி வட்டி அல்ல, ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் செய்யும் உதவி. அதில் வரும் லாபம்' என்று இதற்கு விளக்கம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தையும், ஹஜ்ஜுக்கும் மகளின் திருமணத்துக்கும் ஒதுக்கி வைத்த பணத்தையும் இதில் போடலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 'பியர் டு பியர் லெண்டிங்' எனப்படும் இந்தத் தனிநபர் கடன் முறைக்கு இருபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பது நல்லது.

தொடக்கத்தில் இருந்த நம்பிக்கை

2005 மார்ச்சில் பிரிட்டனில் 'ஸோபா' என்ற நிறுவனம் இந்த முறையைத் தொடங்கியது. வங்கி, சேமிப்பவருக்குக் குறைவாகக் கொடுத்து, கடன் வாங்குபவரிடம் அதிகமாக வசூலிக்கிறது. நடுவில் இருக்கும் வங்கியை எடுத்துவிட்டால் இரு தரப்புக்கும் நன்மை என்பதே அவர்களின் வாதம்.

2006 பிப்ரவரியில் அமெரிக்காவில் 'ப்ராஸ்பர்' வந்தது. கடன் தேவைப்படுபவர் தன் நிலையை எழுதி, புகைப்படமும் சேர்த்து, எவ்வளவு வட்டி வரை தரமுடியும் என்று அறிவிப்பார். கொடுக்க விரும்புபவர்கள் 50 டாலர் முதல் ஏலம் கேட்கலாம். குறைந்த வட்டி கேட்டவர்களின் பணம் சேர்ந்து கடனாகப் போகும். ஊர், தொழில், படித்த கல்லூரி என்ற அடிப்படையில் குழுக்களும் அமைக்கப்பட்டன. ஒரே குழுவில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்ற மாட்டார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 2007இல் அமெரிக்காவில் 'லெண்டிங் கிளப்', சீனாவின் ஷாங்காயில் 'பைபைடாய்' ஆகியவையும் தொடங்கின. 2008 நிதி நெருக்கடியில் வங்கிகள் மீது மக்கள் கொண்ட கோபம் இந்த நிறுவனங்களுக்குச் சாதகமாக அமைந்தது.

நடந்தது என்ன?

ப்ராஸ்பரில் 2006 முதல் 2008 வரை கொடுக்கப்பட்ட கடன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முழுமையாகத் திரும்பவில்லை. கொடுத்தவர்களுக்கு, மொத்தமாகப் பார்த்தால், நஷ்டமே மிஞ்சியது.

காரணங்களைப் புரிந்துகொள்வது கடினமல்ல. வங்கி மறுத்தவர்கள் பலர் இங்கே வந்தார்கள். கொடுத்தவர்கள் புகைப்படத்தையும் எழுதியிருந்த கதையையும் நம்பி மனிதரை எடைபோட்டார்கள். குழுத் தலைவர்களுக்கு ஒவ்வொரு கடனிலும் ஒரு தொகை கிடைத்ததால், தெரியாதவர்களையும் சேர்த்துப் பரிந்துரைக்கும் ஆசை வந்தது. கடன் நின்றுபோனபோது, 50 டாலர் கொடுத்தவர் வேறொரு மாநிலத்தில் இருப்பவரின் கதவைத் தட்ட முடியவில்லை.

இந்தக் கடன் பத்திரங்களைப் பதிவு செய்யாமல் விற்றது தவறு என்று 2008 நவம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் உத்தரவிட்டது. அதன் பிறகு விதிகள் கடுமையாயின. ஏல முறையும் 2010 இறுதியில் கைவிடப்பட்டது.

நடுவில் இருப்பவர் போகவில்லை

வங்கியை நீக்குவதாகச் சொன்னவர்களே நடுவில் அமர்ந்தார்கள். கடன் வாங்குபவரிடம் ஒரு கட்டணம், கொடுப்பவரிடம் ஒரு கட்டணம். வங்கியில் கடன் மூழ்கினால் முதலில் அடி விழுவது வங்கியின் முதலுக்கு. இங்கே அடி நேராகப் பணம் போட்டவர் மீது விழுகிறது; நிறுவனம் வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை.

நாளடைவில் தனிநபர்களின் இடத்தில் பெரும் நிதி நிறுவனங்களின் பணம் வந்தது. 2014 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தையில் கோலாகலமாக நுழைந்த லெண்டிங் கிளப்பில், 2016 மே மாதம் அதன் நிறுவனர் ரெனோ லாப்லான்ஷ் பதவி விலகினார். ஒரு முதலீட்டாளர் விதித்த நிபந்தனைக்குப் பொருந்தாத 2.2 கோடி டாலர் கடன்கள் அவருக்கே விற்கப்பட்டது வெளிவந்ததே காரணம். 2020 முடிவில் அந்நிறுவனம் தனிநபர்களுக்கான முதலீட்டை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஒரு வங்கியை வாங்கித் தானும் வங்கியானது. முன்னோடியான ஸோபாவும் வங்கி உரிமம் பெற்று, 2021 டிசம்பரில் இந்த முறையையே மூடுவதாக அறிவித்தது. நேர்மையாகச் சொல்வதானால், ஸோபா அந்தக் கடன்களை முழு மதிப்பில் தானே வாங்கிக்கொண்டது. ஆனால் வங்கிக்கு மாற்று என்று புறப்பட்டவர்கள் வங்கியாகவே போய்ச் சேர்ந்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

சீனாவில் விளைவு இன்னும் மோசம். 2014இல் தொடங்கிய 'எஸுபாவ்' சுமார் 9 லட்சம் பேரிடம் 5,000 கோடி யுவானுக்கும் மேல் திரட்டியது. அது காட்டிய திட்டங்களில் 95 சதவீதம் போலி என்று 2016இல் தெரியவந்தது. புதியவரின் பணத்தைப் பழையவருக்குக் கொடுத்து ஓட்டியிருந்தார்கள். அதன் தலைவருக்கு 2017இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த இத்தகைய தளங்கள், 2020 நவம்பரில் ஒன்றுகூட இயங்கவில்லை என்று சீன அரசு அறிவித்தது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

2017 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இதற்கென விதிமுறை கொண்டுவந்தது. அனுமதி பெற்ற நிறுவனம் மட்டுமே இதை நடத்தலாம். ஒருவர் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 50 லட்சம் ரூபாய் வரைதான் கொடுக்கலாம். ஒரே நபருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கூடாது. தவணைக் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. வங்கி வைப்புத் தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் காப்பீடு இதற்குக் கிடையாது.

சில நிறுவனங்கள் இதை உறுதியான வருமானம் தரும், நினைத்தபோது பணம் எடுக்கும் சேமிப்பைப் போல விளம்பரம் செய்தன. 2024 ஆகஸ்ட் 16 அன்று ரிசர்வ் வங்கி அதற்குத் தடை போட்டது. கடன் திரும்பாவிட்டால் முழு நஷ்டமும் கொடுத்தவருக்கே என்பதையும் தெளிவாக்கியது. ஆகவே 'உறுதியான வருமானம்' என்று இன்று யாராவது சொன்னால், அது விதிக்கே முரணானது.

மார்க்கத்தின் பார்வை

கொடுத்த கடனுக்கு மேல் நிபந்தனையிட்டு வாங்கும் தொகை வட்டிதான். கொடுப்பது வங்கியா, தனிநபரா, ஆப்பா என்பதால் அது மாறாது. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் அனைவரும் பாவத்தில் சமம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி முஸ்லிம் நூலில் இருக்கிறது. 'நான் தளத்தில் வேலைதான் பார்க்கிறேன்' என்பவரும் இதை யோசிக்க வேண்டும்.

அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம், கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்தது என்றும் கூறுகிறது. இந்த முறையில் ஒரு கடன் பல பேரின் சிறு தொகைகளாகப் பிரிந்து கிடக்கிறது. வாங்கியவர் வேலை இழந்த ஒரு தந்தையாக இருக்கலாம், கணவரை இழந்த பெண்ணாக இருக்கலாம். அவருக்கு அவகாசம் தர உங்கள் மனம் இளகினாலும், அந்த முடிவு உங்கள் கையில் இல்லை. உங்கள் பெயரில் வசூல்காரர் அவருக்குப் போன் செய்துகொண்டிருப்பார். நஷ்டம் மட்டும் உங்களுடையது. இரக்கம் காட்டும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை.

'வட்டியில்லாத', 'ஹலால்' என்ற சொற்களும் விசாரணைக்கு மாற்றாகாது. அமெரிக்காவின் 'கிவா' தளத்தில் பணம் கொடுப்பவருக்கு வட்டி கிடையாது; ஆனால் அதைக் கொண்டு களத்தில் கடன் கொடுக்கும் கூட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஏழைகளிடம் வட்டி வாங்குகின்றன. மலேசியாவில் முராபஹா போன்ற வணிக ஒப்பந்த அடிப்படையில் தளங்கள் இயங்குகின்றன. அங்கே வட்டி தவிர்க்கப்படலாம். பணம் திரும்பாமல் போகும் ஆபத்து தவிர்க்கப்படவில்லை. 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் பெங்களூரில் நடந்த ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்ததை நாம் மறக்கக் கூடாது.

பணம் போடும் முன் கேட்க வேண்டியவை

1. இது கடனா, வியாபாரக் கூட்டா? கடன் என்றால் அதில் லாபம் எடுக்க இடமில்லை. கூட்டு என்றால் நஷ்டத்திலும் பங்கு உண்டு.

2. ரிசர்வ் வங்கியின் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? அனுமதி இருப்பது சட்டத்துக்குப் போதும். மார்க்கத்துக்கு அது மட்டும் போதாது.

3. பணம் யாரிடம் போகிறது, திரும்பாவிட்டால் யார், எப்படி வசூலிப்பார்கள்?

4. இந்தத் தொகை முழுவதும் போனாலும் குடும்பம் தாங்குமா?

உதவும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், அதற்கு வழி ஏற்கெனவே நம் ஊர்களில் இருக்கிறது. ஜமாஅத்தின் பைத்துல்மால், வட்டியில்லாக் கடன் சங்கங்கள், உறவுக்குள் கொடுக்கும் அழகிய கடன் ஆகியவையே அவை. இவற்றில் கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியும். சிரமம் வந்தால் பேசவும் முடியும். தெரிந்தவர்தானே என்று எழுதாமல் விடவும் கூடாது. கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. பைத்துல்மால்களும் ஆண்டுதோறும் கணக்கை வெளியிட்டால், ஆப்புகளைத் தேடிப் போகும் இளைஞர்களின் நம்பிக்கையைப் பெறலாம்.

நம் உழைப்பின் பலனை ஹலாலான வழியில் பாதுகாக்கவும், கடன்பட்டவருக்கு இலகுவாக்கவும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக.