பனி காணாத நாட்டில் சரிவு

மலைச்சாய்வில் படிந்துள்ள பொருள் பிடிமானம் இழந்து திரளாகக் கீழிறங்குவதே சரிவு. இறங்குவது பனியானால் பனிச்சரிவு என்றும், மண்ணும் பாறையுமானால் நிலச்சரிவு என்றும் அது பெயர் பெறும். இமயத்தில் பழைய பனியின் மீது புதுப்பனி குவியும்போது, இடையிலுள்ள நலிந்த அடுக்கு சுமை தாங்காது முறிய, பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வுகளில் மேலடுக்கு பாளம் பாளமாகப் பெயர்ந்து வருகிறது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனியில் புதையுண்டனர்; ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களுள் தமிழகத்தவரும் இருந்தனர்.

தமிழ்நாட்டில் பனிச்சரிவு இல்லை என்றாலும், அதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஓர் ஊரின் பெயராக நிலைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த பெரும் நிலச்சரிவினால் அப்பெயர் பெற்ற நீலகிரியின் அவலாஞ்சியில், 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. இமயத்தில் புதுப்பனி ஏற்றும் சுமையை இங்கு மழைநீர் ஏற்றுகிறது. அதோடு மண்ணின் பிணைப்பையும் அது தளர்த்திவிடுகிறது.

மண்ணை மட்டுமன்றிப் பாறையையும் நீர் பிரிக்கும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்த செஞ்சியின் குன்றுகள், வெடிப்புகளின் வழியே நீர் புகுந்து நெடுங்காலம் அரித்ததால் உருண்டைப் பாறைகளாகப் பிரிந்த கருங்கல் மலைகளாகும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்றையும் மதிலால் இணைத்து எழுப்பப்பட்ட கோட்டை, 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கி நின்றதற்கு, ஏறுவதற்கரிய இப்பாறைகளும் காரணமாயின. அங்கு ராஜகிரியின் அடிவாரத்தில் மழைநீரைத் தேக்கும் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் அமைந்தன. மலையடியில் நீருக்கு இடம் ஒதுக்கிய அந்த அமைப்பு இன்றும் எண்ணத்தக்கது.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாகி, விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. மறுநாள் மாலை அதே மழை திருவண்ணாமலை மலைச்சாய்வில் மண்ணையும் பாறையையும் பெயர்த்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டைப் புதைத்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர்.

புதுப்பனி விழுந்த முதல் நாளில் செங்குத்துச் சாய்வின் கீழ் நடமாடலாகாது என்பது பனிமலைப் பயணிகள் போற்றும் நெறி. பெருமழைக்குப் பின் பாறைக்குன்றுகளில் ஏறலாகாது, மலைநீர் இறங்கும் ஓடைகளை அடைத்து வீடு கட்டலாகாது என்னும் நெறிகளை விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் மக்களும் ஆட்சியாளரும் அதே உறுதியுடன் கைக்கொள்ள வேண்டும்.