வம்சாவளியில் விட்டுப்போன பெயர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "டீச்சர், போடி, கண்டமனூர், எரசக்கநாயக்கனூர், தேவாரம்னு நம்ம பக்கம் இத்தனை ஜமீன் இருந்திருக்கே, இவங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமா?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. சொந்தம் என்பதே நம் ஊரில் இரண்டு வகை. பங்காளி ஒன்று, மாமன் மச்சான் இன்னொன்று. பங்காளி உறவை ஏட்டில் தேடலாம். கொண்டான் கொடுத்தான் உறவுதான் ஏட்டில் சிக்காது.

முதலில் பின்னணி. மதுரையில் 1529-ல் விசுவநாத நாயக்கர் ஆட்சி தொடங்கியது. அவரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்று வகுப்பில் படித்தோம். வசூலில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு. தெற்கே மறவர் பாளையங்கள் பல. நம் பள்ளத்தாக்கிலும் திண்டுக்கல் பக்கமும் வீட்டில் தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர் பாளையங்கள் அதிகம். கண்டமநாயக்கனூர், போடிநாயக்கனூர் என்று ஊர்ப்பெயருக்குள்ளேயே ஆள் பெயர் உட்கார்ந்திருப்பது அதனால்தான். 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்குப் போனது. பாளையக்காரர் ஜமீன்தார் ஆன கதை அதற்குப் பிறகு.

இந்தக் குடும்பங்களின் வரலாற்றைச் சொல்லும் ஏடுகளுக்கு வம்சாவளி என்று பெயர். காலின் மெக்கன்சி என்ற கம்பெனி அதிகாரி, பின்னாளில் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர், ஆட்களை அனுப்பி இவற்றைத் திரட்டினார். அந்தத் தொகுப்பில் பெரும்பகுதி இன்றும் சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. படித்தால் ஒரு சாயல் திரும்பத் திரும்ப வரும். மூதாதையர் வடக்கேயிருந்து வந்தார், வீரச் செயல் செய்தார், ராஜா மெச்சிப் பட்டமும் நிலமும் கொடுத்தார். ஏன் எல்லாம் ஒரே மாதிரி? யார் நிலம் யாருக்கு, எவ்வளவு பேஷ்குஷ் என்று கம்பெனி கணக்குப் பார்த்த காலம் அது. அந்த நேரத்தில் எழுதிக் கொடுத்த ஏடு, பாதி வரலாறு, பாதி உரிமை மனு.

அடுத்த சிக்கல் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பட்டப்பெயரும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். நாம் ஒரே ஆளாக நினைக்கும் கட்டபொம்மனின் தகப்பனார் ஜெகவீர கட்டபொம்மன். வருடம் போடாத ஏட்டில் வெறும் கட்டபொம்மன் என்றிருந்தால் எந்தக் கட்டபொம்மன் என்று எப்படிச் சொல்வது?

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. இங்கே நாயக்கர் ஆட்சி நடந்த அதே காலத்தில், இங்கிலாந்தை டியூடர் அரசர்கள் ஆண்டபோது, பக்கத்து வேல்ஸ் நாட்டில் குடும்பப் பெயர் என்பது அவ்வளவாக ஊன்றவில்லை. நம் இனிஷியல் போல மகன் பெயரோடு அப்பா பெயரைச் சேர்த்து, நடுவில் 'ஆப்' என்று வைப்பார்கள். மகன் என்று பொருள். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டே போகும். 'ஆப் ரிச்சர்ட்' பின்னாளில் பிரிச்சர்ட் ஆனது, 'ஆப் ஹவெல்' பவெல் ஆனது. 1586-ல் லூயிஸ் டன் என்ற புலவருக்கு அங்குள்ள பெரிய குடும்பங்களின் வம்சாவளியை எழுதும் வேலை கொடுக்கப்பட்டது. மெக்கன்சி ஆட்கள் இங்கே செய்ததற்கு ஒரு முன்னோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நம் வம்சாவளிகளில் பட்டத்துக்கு வந்தவர்கள் பெயர் வரிசையாக இருக்கும். அவர்களைப் பெற்றவள் பெயரும் கட்டியவள் பெயரும் அபூர்வம். ஆனால் இரண்டு அரண்மனைகளை இணைத்தவள் அவள்தானே? பங்காளிக்குள் கல்யாணம் கிடையாது. பெண் வெளியேயிருந்து வரவேண்டும், அதுவும் அத்தை மகள், மாமன் மகள் என்று முறையோடு. ஒரு தலைமுறையில் கொடுத்த வீட்டில் அடுத்த தலைமுறையில் எடுப்பார்கள். அந்த நூலைப் பிடித்தால்தான் உறவு தெரியும். ராமநாதபுரமும் சிவகங்கையும் எப்படிச் சம்பந்தி என்பது நமக்குத் தெரிவது, சேதுபதி மகள் வேலு நாச்சியார் முத்து வடுகநாதரைக் கட்டிக்கொண்டதால். அவர் வாளெடுத்திருக்காவிட்டால் அந்தப் பெயரும் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

பெண்களின் பெயர் துலங்கும் இன்னொரு இடம் கோர்ட்டு. சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அண்ணன் வழியினர் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். அப்பா சொந்தமாகப் பெற்ற சொத்து எனக்குத்தான் சேரும் என்று மகள் காத்தம நாச்சியார் நின்றார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863-ல் அவர் பக்கம் தீர்ப்பானது. இந்துச் சொத்துரிமை படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். வம்சாவளி விட்ட பெயரை வழக்குக் கட்டு காப்பாற்றியது.

சொந்தம் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா என்றும் யோசியுங்கள். பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் ஒரே கம்பளத்தார். 1799-ல் எதிரெதிரே நின்றார்கள். அதே வேலு நாச்சியார் புருஷனை இழந்து வந்தபோது இடம் கொடுத்தது திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சி கோபால நாயக்கர். அவர் பங்காளியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை.

'ஆண்ட பரம்பரை' என்று படம் போட்டுப் பதிவிடும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 1948 சட்டத்தோடு ஜமீனே போய்விட்டது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய பாளையக்காரர் பெயரை ஒப்பிக்கிறீர்கள். உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டியின் அம்மா பெயர் என்ன? அவர் பிறந்த ஊர் எது?

அதனால் ஒரு வீட்டுப்பாடம். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். ஒரு நோட்டோடு வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அம்மா வழியில் மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர், பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். மார்க் போட மாட்டேன், ஆனால் ஒவ்வொன்றையும் படிப்பேன்.