போர்க்கால விமானத் தளங்கள் (தமிழகம், இலங்கை)

இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தின் தமிழ்ப் பகுதியிலும் இலங்கையிலும் பிரித்தானியப் படைகள் புதிதாக அமைத்த, அல்லது பழையதை விரிவாக்கிய ஓடுபாதைகளும் கடல்விமானத் துறைகளும் இக்கட்டுரையின் பொருள். இவற்றிற் பெரும்பாலானவை 1942க்கும் 1945க்கும் இடையே இயங்கின. ‘கைவிடப்பட்ட தளங்கள்’ என்று இவற்றை ஒரே பெயரில் அடக்குவது வழக்கம். அது பாதி உண்மைதான். போர் முடிந்ததும் விமானங்கள் போயின. நிலம் சும்மா கிடந்தது அரிது. கடற்படை, பந்தயக் கார், வணிக வளாகம், கருவேலம் என்று யாராவது, ஏதாவது வந்து குடியேறிக்கொண்டே இருந்தார்கள். இன்று எந்தத் தளத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைப் போரைவிட, பின்னால் வந்து குடியேறியவரே முடிவுசெய்தார்.

பின்னணி

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8இல் இரங்கூன். அதே மாதம் 23இல் அந்தமான். ஐந்தே வாரங்களில் வங்காள விரிகுடா போர்முனையாகிவிட்டது. அதுவரை பின்புறமாக இருந்த சென்னையும் கொழும்பும் திடீரென்று முன்வாசலாயின. ஏப்ரலில் சென்னை நகரம் பாதி காலியானதை அக்காலத் தலைமுறை கடைசிவரை கதையாகச் சொன்னது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்க்கப்பட்டன. உயிர்க்காட்சி சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன.

நகரம் அஞ்சிய தாக்குதல் இலங்கை மீது வந்தது. நகுமோ தலைமையிலான ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் படை ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பையும், 9ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கியது. கொழும்புத் தாக்குதலுக்கு முதல் நாள் மாலையே தென்னிலங்கையின் கொக்கலைக் களப்பிலிருந்து கிளம்பிய ஒரு கட்டலினா பறக்கும் படகு அந்தப் படையைக் கடலில் கண்டு வானொலியில் செய்தி அனுப்பியிருந்தது. அதன் தலைவர், கனடா நாட்டவரான லெனர்ட் பர்ச்சால், சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். போர் முடியும்வரை ஜப்பானியக் காவலில் இருந்து உயிருடன் மீண்டார்.

கொழும்புத் தாக்குதலில் ஒரு சுவையான செய்தி உண்டு. நகரின் நடுவே, கறுவாத்தோட்டத்தில், குதிரைப் பந்தயத் திடலை அவசரமாக ஓடுபாதையாக்கி ஹரிக்கேன் சண்டை விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். ஜப்பானியர் இரத்மலானை விமானத் தளத்தை அறிந்திருந்தார்கள், குண்டும் போட்டார்கள். குதிரைகள் ஓடிய திடலில் விமானம் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்துத் திருகோணமலையை அடுத்த சீனக்குடா விமானத் தளமும் துறைமுகமும் தாக்கப்பட்டன. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ஜப்பானியப் பெரும்படை அதன்பின் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அது திரும்பாது என்று 1942இல் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஓடுபாதை கட்டும் வேலை அந்த அச்சத்தில்தான் வேகம் பிடித்தது.

அமைப்பு

போருக்கு முந்திய தளங்கள் பல வெறும் புல்வெளிகள். எந்தப் பக்கம் காற்று வீசுகிறதோ அந்தப் பக்கம் நோக்கி எழும்பலாம். லிபரேட்டர் போன்ற நான்கு எஞ்சின் விமானங்கள் வந்தபோது அது போதவில்லை. ஏறத்தாழ 2,000 கெஜ நீளத்தில் கெட்டித்த பாதை வேண்டும். பருவமழையில் களிமண் இளகிவிட்டால் முழு எரிபொருளோடு நிற்கும் விமானத்தின் சக்கரம் அச்சுவரை புதையும். ஆகவே ஜல்லி கொட்டி இறுக்கி, மேலே கான்கிரீட்டோ தாரோ இட்டார்கள். பெருமளவு வேலை கையால் நடந்தது. சட்டியிலும் கூடையிலும் கல் சுமந்த ஆண், பெண் கூலியாட்களின் பெயரோ தொகையோ எந்தத் தளத்துக் கல்வெட்டிலும் இல்லை. விமானிகளின் பெயர்கள் மட்டும் நினைவுப் பலகைகளில் இருக்கின்றன.

ஓடுபாதையைச் சுற்றி ஒரு வளையப் பாதை. அதிலிருந்து கிளைகளாகப் பிரியும் நிறுத்திடங்கள். ஒரே குண்டில் எல்லா விமானமும் அழியாமலிருக்க அவற்றைத் தள்ளித் தள்ளி அமைத்தார்கள். சிலவற்றின் மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பினார்கள். கொட்டகைகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் ஓடுபாதையை ஒட்டி இருந்தன. குடியிருப்பும் வெடிமருந்துக் கிடங்கும் எட்டத்தில். இந்த வரைவை மனத்தில் வைத்துக்கொண்டு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால், வயலும் தோப்பும் மூடிய இடத்திலும் பழைய தளத்தின் எலும்புக்கூடு தெரியும். ஊர்ப் பாதைகள் வளைந்து நெளிந்து போகும் நிலத்தில் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு கிடந்தால் ஐயப்பட வேண்டியதுதான்.

ஓடுபாதையே இல்லாத தளங்களும் இருந்தன. சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தில் உள்ள புழல் ஏரி பறக்கும் படகுகளின் துறையாயிற்று. 240ஆம் படையணியின் கட்டலினாக்கள் அங்கிருந்து கிளம்பி நீர்மூழ்கிகளைத் தேடி வங்கக் கடலை அலசின. நகரத்துக்குக் குடிநீர் தந்த ஏரி அப்படி விமான நிலையமாகவும் வேலை பார்த்தது.

பறவைப் பெயர்கள்

பிரித்தானியக் கடற்படைக்கு ஒரு விந்தையான மரபு: கரையில் உள்ள தளத்தையும் கப்பலாகவே பாவித்துப் பெயர் சூட்டுவார்கள். கடற்படை விமானப் பிரிவு இங்கே வந்தபோது அந்தப் பெயர்களை உள்ளூர் மொழிகளிலிருந்து எடுத்தது. தாம்பரம் ‘வல்லூறு’ ஆயிற்று; சூலூர் ‘வைரி’. இரண்டும் வேட்டைப் பறவைகளின் தமிழ்ப் பெயர்கள். கோயம்புத்தூரின் விமானப் பழுதுபார்ப்புத் தளத்துக்குக் ‘கருடா’ என்று பெயர். இலங்கையில் சிங்களப் பெயர்கள்: களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தை ‘உக்குஸ்ஸா’, அதாவது பருந்து, புத்தளம் ‘ராஜாலியா’, கழுகு, மகரகமை ‘மொனரா’, மயில். கொழும்புப் பந்தயத் திடலுக்கு இருதலைப் புள்ளின் பெயரைத் தந்து ‘பேருண்டா’ என்றார்கள். சீனக்குடா மட்டும் பறவை வரிசையில் சேராமல் ‘பம்பரா’ என்று தேனீயின் பெயரைப் பெற்றது. ஆங்கிலக் கப்பற் பட்டியலில் வல்லூறும் வைரியும் ரோமன் எழுத்தில் நிற்பதைப் பார்க்கும் தமிழ் வாசகருக்குச் சிரிப்பு வராமல் போகாது. அந்தப் பெயர்களைப் பரிந்துரைத்தவர் யாராயினும் பறவை தெரிந்தவர்.

நெடும்பறப்புகள்

தாக்குதல் பயம் நீங்கிய பிறகு இத்தளங்களின் வேலை மாறியது. தற்காப்புக்காகக் கட்டியவற்றிலிருந்து ஜப்பான் வசமிருந்த நிலங்களை எட்ட முயன்றார்கள். தூரம்தான் பகை.

1943 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினாக்களை ஓட்டத் தொடங்கியது. 5,600 கிலோமீட்டருக்கு மேல், இடையில் இறங்க இடமில்லை, வானொலி மௌனம். எரிபொருளின் எடை போக மூன்று பயணிகளுக்கும் கொஞ்சம் தபாலுக்கும்தான் இடமிருந்தது. பயணம் 27 மணி முதல் 33 மணி நேரம் பிடித்ததால், ஏறியவர்கள் வழியில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் கண்டார்கள். ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று அந்தச் சேவைக்குப் பெயர் வந்தது. பயணிகளுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

1944 ஆகஸ்ட் 10 அன்று சீனக்குடாவிலிருந்து 54 அமெரிக்க பி-29 விமானங்கள் சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நோக்கி எழும்பின. அந்த ஒரு பறப்புக்காகவே ஓடுபாதை நீட்டப்பட்டிருந்தது. 39 விமானங்கள் இலக்குப் பகுதியை எட்டின. ஆலைக்குப் பெரிய சேதமில்லை. அதற்குப் பிறகு பி-29கள் இலங்கையிலிருந்து தாக்கப் போகவேயில்லை. அவ்வளவு உழைப்பும் ஓர் இரவுக் கணக்கில் முடிந்தது.

இலங்கையின் மின்னேரியாவில் இருந்த 160ஆம் படையணியின் லிபரேட்டர்கள் 1945 மார்ச்சில் சிங்கப்பூர் நீர்ப்பரப்பில் கண்ணிவெடி போட்டுத் திரும்பின. போய்வர 21 மணி நேரம்.

போருக்குப் பின்

கொக்கலையின் கதை மற்றவற்றிலிருந்து வேறு. தளத்துக்காகக் கிராமத்தைக் காலிசெய்தார்கள், வீடுகள் போயின. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தளத்தின் எல்லைக்குள் சிக்கியும் இடிபடாமல் தப்பியது. இன்று அது நாட்டார் வாழ்வியல் அருங்காட்சியகத்தின் பகுதி. ஊரை அழித்த தளத்தின் வேலிக்குள், அழிந்த ஊரின் நினைவுகளை ஒரு வீடு காத்துக்கொண்டிருக்கிறது. மீதி நிலத்தில் ஏற்றுமதித் தொழிற்பேட்டையும் விமானப்படைத் தளமும் உள்ளன.

சோழவரத்தின் விதி சத்தமானது. செங்குன்றத்துக்கு அப்பால், ஏரிக்கரை ஊரான சோழவரத்தின் ஓடுபாதையில் 1950களில் மோட்டார் பந்தயம் தொடங்கியது. சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் ஆண்டுதோறும் நடத்திய பந்தயங்களுக்கு இந்தியா முழுவதிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஓட்டிகள் வந்தார்கள். பல்லாயிரம் பேர் வெயிலில் நின்று பார்த்தார்கள். வைக்கோற்கட்டுகள்தான் பாதுகாப்பு. விமானத்துக்காகப் போட்ட நீள் நேர்ப்பாதையில் வேகம் கூடும், வளைவில் வந்து தடுமாறும். அதைப் பார்க்கத்தான் கூட்டம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தடம் திறந்ததும் சோழவரம் அமைதியானது. கடலுக்கு அப்பால் கட்டுக்குருந்தையின் ஓடுபாதையும் இதேபோல் பந்தயத்தடமாயிற்று. போர்க்காலத்தில் ஒரே அரசின் படைகளுக்காக உழைத்த இரண்டு தளங்கள், சமாதான காலத்தில் ஒரே பொழுதுபோக்குக்கு இடம் தந்தன.

படைகளே தக்கவைத்துக்கொண்ட தளங்கள் ‘எச்சம்’ என்ற சொல்லுக்குள் அடங்குவதில்லை. சூலூரில் இன்று தேஜஸ் விமானங்கள் நிற்கின்றன. 1940இல் அமைந்த தஞ்சாவூர்த் தளம் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, 2013 மே 27இல் விமானப்படை நிலையமாகத் திறக்கப்பட்டது. அரக்கோணத்தில் போர்க்கால ஓடுபாதை இருந்த இடத்தில் 1992 மார்ச்சில் இந்தியக் கடற்படை தன் தளத்தை நிறுவி, ‘ராஜாளி’ என்று பெயர் வைத்தது. பறவைப் பெயர் மரபு தொடர்கிறது, வேலையும் மாறவில்லை. நீர்மூழ்கி தேடும் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்து பறப்பது, எண்பது ஆண்டுக்கு முன் கட்டலினாக்கள் அலசிய அதே கடலின் மேல்தான்.

இலங்கையில் உள்நாட்டுப் போர் பல பழைய தளங்களை எழுப்பிவிட்டது. வவுனியா, சிகிரியா, புத்தளத்துப் பாலாவி, மின்னேரியாவின் வாரிசான ஹிங்குராக்கொடை எல்லாம் விமானப்படையின் கையில் உள்ளன. கொழும்புப் பந்தயத் திடலின் பார்வையாளர் மண்டபம் நெடுநாள் பாழடைந்து கிடந்து, பின் கடைகளோடு புதுப்பிக்கப்பட்டது. ஹரிக்கேன்கள் ஓடிய புல்லில் இப்போது ரக்பி ஆடுகிறார்கள்.

எச்சங்கள்

யாரும் பெரிதாக உரிமை கொண்டாடாத ஓடுபாதைகளே ஆராய்வோருக்குச் சுவையானவை. தமிழகத்தில் உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகியவை இந்த வகை. அங்கே பார்க்கக் கிடைப்பது கோட்டை கொத்தளம் அல்ல. வெடித்த தளம், பிளவுகளில் கிளம்பிய கருவேலம், தார் கரைந்து வெளிப்பட்ட ஜல்லி. இப்படிப்பட்ட பாதைகளை ஊரார் தானியம் காயப்போடவும், பிள்ளைகள் வண்டி பழகவும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். களத்துமேட்டை விடச் சுத்தமான தரை சும்மா கிடைத்தால் விடுவார்களா. புதிய விமான நிலையத் திட்டம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இவற்றின் பெயர்கள் செய்தித்தாளில் தலைகாட்டும்.

மிகக் குறைவாக எச்சம் விட்டவை பறக்கும் படகுத் துறைகள். தண்ணீரில் எழுந்து தண்ணீரில் இறங்கியவற்றுக்குத் தடம் எங்கே இருக்கும்? புழல் ஏரிக்கரையில் நின்றால் தெரிவது ஏரி மட்டும்தான்.

யாழ்ப்பாணத்துப் பலாலி இந்த இரண்டு வகையிலும் சேராதது. காங்கேசன்துறையை ஒட்டிப் போர்க்காலத்தில் அமைந்த அந்தத் தளத்தில், 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் இறங்கியது. இரத்மலானையிலிருந்து கிளம்பிய அந்த டகோட்டா, பலாலி வழியாகச் சென்னைக்குப் போயிற்று. பின்னர் உள்நாட்டுப் போர் பலாலியை இராணுவ வலயமாக்கிப் பொதுமக்களுக்கு மூடியது; சுற்றுக் கிராமத்தார் பல்லாண்டு இடம்பெயர்ந்தார்கள். 2019 அக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் என்ற பெயரில் அது மீண்டும் திறந்தபோது, முதலில் வந்திறங்கிய பன்னாட்டு விமானம் சென்னையிலிருந்து வந்தது. கொரோனாக் காலத்தில் நின்ற அந்தச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது.